பையில் வியர்த்த வேர்கள்: தோண்டிய காட்டு ஜின்செங் விற்பனைக்கு முன் கெட்டதும் தப்பியதும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கே, அப்பலாச்சிய மலைத்தொடரில் உள்ள ஒரு சுரங்க ஊரில் நடந்தது இது. ஓய்வுபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரும் அவருடைய அக்கா மகனும் ஒரு பருவத்தில் காட்டு ஜின்செங் என்ற மருந்துச் செடியின் பச்சை வேரை 4,800 கிராம் தோண்டினார்கள். மாமனுக்குச் சிறுவயதில் தகப்பனோடு மலையேறிய பழக்கம் உண்டு. செடியை அடையாளம் காணவும், சல்லி வேர் அறாமல் தோண்டவும் நன்றாகத் தெரிந்தவர். தோண்டி வந்த வேரைக் கழுவுவது, காயவைப்பது, விற்கும்வரை பாதுகாப்பது எல்லாம் அந்தக் காலத்தில் வீட்டிலிருந்த பெண்கள் பார்த்துக்கொண்ட வேலை. அந்த அறிவு அவரிடம் வந்து சேரவில்லை. கீழே வரும் இழப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மருமகன் ஒவ்வொரு தொகுதியையும் சமையல் தராசில் எடைபோட்டு, தேதியோடு நோட்டில் எழுதிவைத்தார். எங்கே என்ன நடந்தது என்பதை இன்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது அந்த நோட்டால்தான்.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றில் அவர்கள் குறை வைக்கவில்லை. அமெரிக்க ஜின்செங் 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதியாகும் காட்டு வேருக்குக் குறைந்தது 5 வயது ஆகியிருக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரைதான் தோண்டலாம். செடியில் குறைந்தது மூன்று கிளை இலை இருக்க வேண்டும். பழத்தின் விதையைத் தோண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். பிறர் நிலம் என்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி கையில் இருக்க வேண்டும். வேரை அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் பதிவுபெற்ற வியாபாரியிடம் விற்றுவிட வேண்டும். அதற்குமேல் வைத்திருப்பதானால் மாநில வனத்துறையிடம் எடைச்சீட்டு வாங்க வேண்டும். இந்தக் கடைசி விதி சேமிப்போடு நேராகத் தொடர்புடையது. செப்டம்பரில் தோண்டியவருக்கு விற்பதற்கு ஏழு மாத அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்த முடியுமா என்பது வேரை எப்படி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

வேரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

காட்டு வேரின் தலையில் கழுத்து என்று தோண்டுபவர்கள் சொல்லும் ஒல்லியான, கணுக்கணுவான பகுதி உண்டு. ஆண்டுக்கு ஒரு தண்டு உதிர்ந்து, ஆண்டுக்கு ஒரு தழும்பு விழும். வயதைச் சொல்லும் ஒரே சாட்சி அதுதான். கழுத்து முறிந்து தொலைந்த வேருக்கு வயது சொல்ல முடியாது, வியாபாரி ஒதுக்கவும் கூடும். ஹாங்காங்கிலும் சீனாவிலும் இந்த வேரை வாங்குகிறவர்கள் கழுத்தின் நீளம், தோலின் நெருக்கமான வளையங்கள், முறியாத சல்லி வேர், வளையங்களின் இடுக்கில் லேசாக ஒட்டியிருக்கும் காட்டு மண் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தோட்ட வேரிலிருந்து காட்டு வேரைப் பிரிக்கிறார்கள். ஆகவே சேமிப்பு என்றால் அழுகாமல் காப்பது மட்டுமல்ல, இந்த அடையாளங்களையும் காப்பது.

தோண்டிய பிறகும் வேர் உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, சூட்டையும் நீராவியையும் வெளியிடுகிறது. அந்த நீருக்கு வெளியேற வழி இருந்தால் வேர் மெல்ல வாடும். வழி இல்லாவிட்டால் தோலின்மேலேயே தங்கிப் பூசணத்துக்கு இடம் கொடுக்கும். பச்சையாக வைத்திருப்பதா, காயவைப்பதா என்பதைத் தோண்டிய அன்றே முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் வேண்டிய ஏற்பாடுகள் வேறு வேறு. அந்த முடிவை எடுக்காமல் நாளைக் கடத்தியதில்தான் முதல் தொகுதி கெட்டது.

முதல் தொகுதி: செப்டம்பர் 2 முதல் 14 வரை

செப்டம்பர் 2, 3 தேதிகளில் தோண்டியது 1,810 கிராம். காட்டிலிருந்து பாலித்தீன் பையில் கொண்டுவந்தார்கள். வீட்டில் தோட்டக் குழாயின் வேகமான நீரில் கழுவி, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். வேர் வெளுப்பாகத் தெரிந்தால் நல்ல விலை வரும் என்று எண்ணம். பிறகு ஈரம் சொட்டச் சொட்டவே நான்கு ஜிப் பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் பச்சையாகவே விற்றுவிடலாம் என்பது திட்டம்.

9ஆம் தேதி பார்த்தபோது பைகளின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. ஐந்தாறு வேர்களின் முறிந்த நுனியிலும் கழுத்தின் மொட்டு ஓரத்திலும் வெள்ளைப் பூசணம். அவற்றை மட்டும் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி அதே பைகளில் போட்டு மூடினார்கள்.

14ஆம் தேதி பைகளைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. மேசைமேல் தாள் விரித்துப் பிரித்தார்கள். கையால் அழுத்தினால் உறுதியாக, பூசணமில்லாமல் இருந்தவை 1,130 கிராம். உறுதியாக இருந்தாலும் மேலே பூசணம் படர்ந்தவை 410 கிராம். குழைந்து, வழுவழுப்பாகி, தோல் கையோடு வந்தவை 270 கிராம். கெட்ட இரண்டு பங்கும் சேர்ந்து 680 கிராம்; எண்ணிப் பார்த்ததில் 104 வேர். அதாவது குறைந்தது ஐந்து ஆண்டு வளர்ந்த 104 செடிகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டு யாருக்கும் பயன்படாமல் போயின. இந்தச் செடி காட்டில் அருகிக்கொண்டே வருகிறது என்பதை நினைத்தால், பணத்தைவிட இதுதான் பெரிய இழப்பு.

அன்று அண்டை வீட்டில் வாங்கிவந்த வெப்பமானி காய்கறித் தட்டில் 7 முதல் 9 டிகிரி செல்சியஸ் காட்டியது. கதவை அடிக்கடி திறக்கும் ஃபிரிட்ஜில் அந்தத் தட்டு இப்படித்தான் இருக்கும். பூசணத்தை நிறுத்த அந்தக் குளிர் போதாது. ஆனாலும் குற்றம் முழுவதும் ஃபிரிட்ஜின்மேல் இல்லை. பிரஷ் தோலைக் கீறியது. வேகமான நீர் சல்லி வேரை முறித்தது. ஒவ்வொரு கீறலும் முறிவும் பூசணம் நுழைய வாசல். அதோடு ஈரத்தையும் சேர்த்து மூடிய பை. இவற்றில் மூடிய பைதான் மிக மோசமானது. கீறல்பட்ட வேர்கூடத் தோல் ஈரமில்லாமல் காற்றோட்டத்தில் இருந்தால் தழும்பேறித் தப்பும்.

இரண்டாம் தொகுதி: அவசரச் சூடு

முதல் தொகுதியில் பூசணம் கண்ட 9ஆம் தேதியன்றே புதிதாக 1,360 கிராம் தோண்டி வந்திருந்தார்கள். இந்த முறை காத்திருக்கக் கூடாது என்று வீட்டிலிருந்த உணவு உலர்த்தும் இயந்திரத்தில் பரப்பினார்கள். பழத்துண்டு காயவைக்க அதில் குறிக்கப்பட்டிருந்த வெப்பம் 57 டிகிரி. அதையே வைத்து, 9ஆம் தேதி இரவு முதல் 11ஆம் தேதி காலைவரை ஓட்டினார்கள். எடை 470 கிராமுக்கு இறங்கியது. மெல்லிய வேர்கள் பட்டென்று முறிந்தன. பருத்தவை தட்டினால் ஓசை எழுப்பும் அளவு தோல் இறுகியிருந்தன. காய்ந்துவிட்டது என்று எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியில் அடைத்து மூடியைத் திருகினார்கள்.

மூன்றாம் நாள் ஜாடியின் உள்பக்கம் பனிபடர்ந்தது. முறிந்த வேர்கள் மறுபடி வளைய ஆரம்பித்தன.

நடந்தது இதுதான். ஜின்செங் வேரின் தோல் வழியே நீர் வெளியேறும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நடுச்சதையிலிருந்து நீர் தோல்வரை வந்துசேர நாள் பிடிக்கும். சூட்டைக் கூட்டினால் தோல் மட்டும் முந்திக் காய்ந்து இறுகி, உள்ளே இருக்கும் நீருக்கு அணைபோடுகிறது. உறைக்கும் வெயிலில் ஒரே நாளில் காயவைத்த வடகம் மேலே மொறுமொறுவென்றும் நடுவே பச்சையாகவும் நிற்பது போலத்தான். ஜாடிக்குள் போனதும் நடுவிலிருந்த நீர் மெல்லத் தோலுக்கு வந்து, மூடிய காற்றில் தங்கியது. அதோடு, உள்ளே ஈரம் இருக்கும்போதே சூடு ஏறியதால் சதை நிறம் மாறியது. பருத்த வேர் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள்: தோலுக்கு உள்ளே பழுப்பு வளையம், நடுவில் சிறு குழி. சரியாகக் காய்ந்த வேர் வெட்டுமுகத்தில் விளிம்புவரை வெளிர் மஞ்சளாகவோ பாலாடை நிறமாகவோ இருக்கும்.

இன்னொரு சேதம் கவனத்துக்கு வராமலே நடந்தது. காய்ந்த வேரின் கழுத்து எளிதில் ஒடியும். ஜாடிக்குள் அடைக்கும்போதும் கவிழ்த்து எடுக்கும்போதும் 14 கழுத்துகள் முறிந்துவிட்டன. எந்தக் கழுத்து எந்த வேருடையது என்று பிறகு பொருத்த முடியவில்லை.

அவசரச் சூடு இந்த வணிகத்துக்குப் புதிதல்ல. 1716இல் மொண்ட்ரியால் அருகே லஃபித்தோ என்ற இயேசு சபைப் பாதிரியார் இந்தச் செடியை அடையாளம் கண்ட பிறகு, கனடாவிலிருந்து சீனாவுக்கு வேர் போகத் தொடங்கியது. விலை ஏறியதும் பருவம் பாராமல் தோண்டி, அடுப்பில் அவசரமாகக் காயவைத்து அனுப்பினார்கள். 1752இல் 5 லட்சம் பிராங்க் அளவுக்கு இருந்த ஏற்றுமதி, சீன வணிகர்கள் வாங்க மறுத்ததால் 1754இல் 33 ஆயிரத்துக்கு விழுந்தது.

செப்டம்பர் 14: எடுத்த முடிவுகள்

இரண்டு தொகுதியும் கெடுவதைப் பார்த்ததும் அதே ஊரில் நெடுநாள் வேர் தோண்டி விற்ற ஒரு மூதாட்டியிடம் போனார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு முதலில் சொன்னது, எல்லாப் பைகளையும் ஜாடியையும் உடனே காலி செய்யும்படி. மற்றதை நால்வகையாகப் பிரித்து முடிவு செய்தார்கள்.

உறுதியான 1,130 கிராமைப் பச்சையாக விற்பதில்லை. பன்னிரண்டு நாள் ஈரத்தில் கிடந்ததால் கண்ணுக்குத் தெரியாத பூசண வித்துகள் தோலில் இருக்கும். வியாபாரியின் கிடங்கில் போய்க் கெட்டால் பெயரும் கெடும். ஆகவே மெதுவாகக் காயவைப்பது. இரண்டாம் தொகுதியின் 470 கிராமைத் தனிச்சட்டத்தில் பரப்பி மறுபடி காற்றுக்கு விடுவது. குழைந்த 270 கிராமை வீட்டுக்கு வெளியே புதைப்பது. வேர் தோண்டும் சரிவுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஏனென்றால் அழுகல் நோய் மண்வழியே பரவும்.

விவாதம் நடந்தது 410 கிராமைப் பற்றித்தான். பூசணத்தைத் துணியால் துடைத்து, காயவைத்து, நல்ல வேரோடு கலந்து விற்பவர்கள் உண்டு. மருமகன் அதற்கு ஒப்பவில்லை. இது யாரோ ஒருவர் உடம்புக்கு நல்லதென்று கஷாயம் வைத்துக் குடிக்கப்போகும் பொருள். பூசணம் விட்டுச்செல்லும் நச்சு துடைத்தால் போகாது. தனியாகக் காயவைத்து, உள்ளதைச் சொல்லி வியாபாரியிடம் காட்டுவது, அவர் வேண்டாம் என்றால் எறிவது என்று முடிவாயிற்று. சரியான முடிவு. பூசண வாடை காய்ந்த வேரிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதை நல்ல வேர் இருக்கும் அறையிலேயே வைக்காமல் வேறு அறையில் வைத்ததும் சரி.

காயவைத்த அறை

மாடியில் ஒரு சிறிய படுக்கை அறையை ஒழித்தார்கள். மரச்சட்டத்தில் ஜன்னல் கொசுவலை (நைலான்) இழுத்து அடித்து, 60 × 90 சென்டிமீட்டர் அளவில் நான்கு தட்டுகள் செய்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக 20 சென்டிமீட்டர் இடைவெளி. இரும்பு வலை துருவேறி வேரில் கறைபடும் என்பதால் நைலான். வேர்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்பினார்கள். சூடு மேலே நிற்கும் என்பதால் பருத்தவை மேல்தட்டுகளில், மெல்லியவை கீழே. ஜன்னலில் கனத்த திரை. நேர்வெயில் பட்டால் தோல் வெளுத்து இறுகும். சிறிய மின்விசிறி குறைந்த வேகத்தில், வேரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. காற்று அறைக்குள் சுற்ற வேண்டும். வேர்மேல் நேராக அடித்தால் 57 டிகிரி செய்த வேலையையே குளிர்ந்த காற்றும் செய்துவிடும்.

முதல் மூன்று நாள் வெப்பம் 24 முதல் 27 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி. இந்த நாட்களில் அவசரம் கூடாது. தோல் மென்மையாக இருக்கும்வரைதான் நடுநீர் வெளியேறும். நான்காம் நாள் முதல் சிறிய மின்சூடேற்றியால் 32 டிகிரிக்கு ஏற்றினார்கள். 35ஐத் தாண்டவிடவில்லை. எட்டாம் நாள் முதல் ஈரம் உறிஞ்சும் கருவி வைத்து அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 50க்குள் கொண்டுவந்தார்கள். மலைப்பகுதியில் செப்டம்பர் மழை விடாமல் பெய்யும் வாரங்கள் உண்டு. அப்போது ஜன்னலைத் திறந்துவைப்பது வெளி ஈரத்தை உள்ளே அழைப்பதாகும்.

ஒவ்வொரு நாளும் எல்லா வேரையும் ஒருமுறை திருப்பிப்போட்டார்கள். வலையில் படிந்த பக்கம் ஈரமாகவே நின்றால் பூசணம் அங்கேதான் தொடங்கும். இரண்டாம் நாள் மூன்று வேர்களில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அவற்றை எடுத்து 410 கிராம் இருந்த அறைக்கு மாற்றினார்கள். இறுதிக் கணக்கில் இது தெரியாத அளவுக்குச் சின்ன எடை.

எப்போது நிறுத்துவது என்பதற்குத் தோலைத் தொட்டுப் பார்ப்பது போதாது என்று இரண்டாம் தொகுதியே காட்டிவிட்டது. ஆகவே பருமன் வேறுபட்ட பத்து வேர்களுக்கு நூல் கட்டி, தினம் ஒரே நேரத்தில் எடைபோட்டார்கள். தொகுதியின் மொத்த எடையும் அவ்வப்போது குறிக்கப்பட்டது: தொடக்கத்தில் 1,130, ஐந்தாம் நாள் 690, பத்தாம் நாள் 425, பதினான்காம் நாள் 358, பதினைந்தாம் நாள் 351, பதினாறாம் நாள் 350 கிராம். முதல் ஐந்து நாளில் நாளுக்கு 80 கிராமுக்கு மேல் இறங்கிய எடை கடைசியில் ஒரு கிராமுக்கு வந்து நின்றது. அடுத்தடுத்த இரண்டு நாள் எடை ஏறத்தாழ மாறாமல் நிற்பதும், சோதனைக்கென்று ஒதுக்கிய ஒரு பருத்த வேர் நடுவே பட்டென்று முறிந்து வெட்டுமுகம் ஒரே நிறமாக இருப்பதும் சேர்ந்தால்தான் காய்ந்தது என்று கொண்டார்கள். பச்சைக்கும் காய்ந்ததுக்கும் விகிதம் 3.23. காட்டு வேருக்கு மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையே வருவது வழக்கம்.

இரண்டாம் தொகுதி ஒன்பது நாளில் 470இலிருந்து 425 கிராமுக்கு இறங்கி நின்றது. ஜாடியில் அடைத்தபோது அதற்குள் 45 கிராம் நீர் சிறைப்பட்டிருந்தது என்று பொருள்.

மூன்றாம் தொகுதி: பச்சையாகவே வைத்தது

செப்டம்பர் 23, 24 தேதிகளில் 1,630 கிராம் தோண்டினார்கள். தட்டுகள் நிறைந்திருந்தன, 30ஆம் தேதிவரை இடமில்லை. எனவே ஒரு வாரமாவது பச்சையாகக் காக்க வேண்டியிருந்தது.

இந்த முறை காட்டிலேயே மாற்றம் தொடங்கியது. வேரைத் துணிப்பையில், லேசாக நனைத்த பாசிக்கு நடுவே வைத்து, பையை வெயில்படாத பக்கம் தொங்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் வைக்கவில்லை. வீட்டில் வாளி நீரில் அமிழ்த்தி, கையால் மெல்ல அலசி மண்ணை விட்டார்கள். வளைய இடுக்கில் இருந்த மண்ணைத் தொடவில்லை. கொசுவலைத் தட்டில் நிழலில் இரண்டு மணி நேரம் விட்டு, மேல் ஈரம் போனபின் எடைபோட்டதே 1,630.

பழைய இரண்டாவது ஃபிரிட்ஜ் ஒன்று கொட்டகையில் இருந்தது. அதை 1 முதல் 3 டிகிரிக்குள் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க வெப்பமானியால் சரிபார்த்த பிறகுதான் வேரை உள்ளே வைத்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போய் வேர் உறைந்தால், இளகும்போது தொளதொளத்து நீர்விடும். அப்புறம் எதற்கும் ஆகாது. அட்டைப்பெட்டியில் ஓர் அடுக்கு பாசி, ஓர் அடுக்கு வேர், மறுபடி பாசி. பாசியைக் கையால் இறுகப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது, ஆனால் தொட்டால் குளிர வேண்டும், அதுதான் அளவு. பெட்டியின் பக்கங்களில் விரல் பருமனுக்குத் துளைகள். ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்கவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து, மேலடுக்கைக் கீழே மாற்றினார்கள். ஆப்பிள் போன்ற பழங்களை அதே ஃபிரிட்ஜில் வைக்காமல் இருந்தது நல்ல முன்னெச்சரிக்கை. பழுக்கும் பழம் விடும் எத்திலின் வாயு சேமித்த வேர்களின் மொட்டையும் சுவாசத்தையும் பாதிக்கக்கூடும்.

எட்டாம் நாள் எடை 1,598 கிராம். இழந்தது இரண்டு விழுக்காடு மட்டும், அதுவும் வெறும் நீர். பூசணம் ஒன்றிலும் இல்லை. முதல் தொகுதி மூடிய பையில் ஏழே நாளில் பூசணம் கண்டதை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

விற்பனை

அக்டோபர் 2ஆம் தேதி பதிவுபெற்ற வியாபாரியிடம் எல்லாவற்றையும் தனித்தனிக் காகிதப் பையில், தேதியும் எடையும் எழுதிக் கொண்டுபோனார்கள். அன்று அவர் சொன்ன விலை, ஒரு பவுண்டு (454 கிராம்) பச்சை வேருக்கு 190 டாலர், காய்ந்த வேருக்கு 610 டாலர்.

முதல் தொகுதியின் 350 கிராமுக்கு முழு விலை கிடைத்தது: 470 டாலர். பிரஷ் போட்டு வெளுத்ததைப் பார்த்து முகம் சுளித்தாலும் விலையைக் குறைக்கவில்லை. இரண்டாம் தொகுதியில் அவர் நான்கைந்து வேரை முறித்துப் பழுப்பு வளையத்தைப் பார்த்துவிட்டுப் பவுண்டுக்கு 340 டாலர் என்றார். 425 கிராமுக்கு 318 டாலர். பூசணம் படிந்து காய்ந்த 124 கிராமை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பிலிட்டார்கள்.

மூன்றாம் தொகுதியைப் பச்சையாக விற்பதா, காயவைப்பதா என்ற கேள்வியை அங்கேயே கணக்குப் போட்டுத் தீர்த்தார்கள். 610ஐ 190ஆல் வகுத்தால் 3.21. அவர்கள் அளந்த விகிதமோ 3.23. பச்சையாக விற்றால் 1,598 கிராமுக்கு 669 டாலர். காயவைத்தால் 495 கிராம், 665 டாலர். பதினாறு நாள் உழைப்பும் மின்கட்டணமும் பூசண அபாயமும் சேர்ந்து நாலு டாலர் குறைவாகத் தருகிறது. பச்சையாகவே விற்றார்கள்.

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தோண்டுவதற்கு முன்னரே போட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த வேரின் பவுண்டு விலை மூன்று மடங்குக்கு மேல் இருப்பதைப் பார்த்துக் காயவைப்பது லாபம் என்று பலர் நம்புகிறார்கள். எடையும் அதே மூன்று மடங்கு இறங்குகிறது. காயவைப்பதால் உண்மையில் கிடைப்பது காத்திருக்கும் உரிமை: குளிர்காலத்தில் விலை ஏறுமா என்று மார்ச் இறுதிவரை பார்க்கலாம். அந்த உரிமை வேண்டாதவர் நல்ல பச்சை வேரை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுவதே மேல்.

மொத்த வரவு 1,457 டாலர். தோண்டிய 4,800 கிராமும் அன்றைய பச்சை விலைக்கே போயிருந்தால் 2,009 டாலர். குறைந்தது 552 டாலர், அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இதில் கொட்டகை ஃபிரிட்ஜில் போன நீர் பதின்மூன்று டாலர்தான். மிச்சமெல்லாம் முதல் இரு தொகுதிகளின் பையிலும் இயந்திரத்திலும் போனது.

அடுத்த பருவத்தில் மாறியவை

அடுத்த ஆண்டு அவர்கள் செப்டம்பர் 1ஆம் தேதி மலையேறவில்லை. மாதத்தின் நடுப்பகுதிவரை காத்திருந்தார்கள். அதற்குள் பழம் நன்றாகச் சிவந்து ஊன்றுவதற்கு விதை கிடைத்தது. இலை பழுக்கும்போது செடி தன் மாவுச்சத்தை வேருக்கு இறக்கிவிடுவதால் வேர் கெட்டியாகவும் இருந்தது. அந்த ஆண்டு காயவைத்த தொகுதியின் விகிதம் 3.05. பருவத் தொடக்கத்தில் தோண்டிய வேர் அதிகம் சுருங்கும் என்று மூதாட்டி சொன்னது தராசில் தெரிந்தது.

தட்டுகளும் வெப்பமானியும் ஆகஸ்ட்டிலேயே தயாராகிவிட்டன. ஒரு தட்டு எப்போதும் காலியாக இருக்கும். பச்சைப் பெட்டியில் சந்தேகமாக ஒரு வேர் தெரிந்தாலும் அன்றே அதை அங்கே எடுத்துப் பரப்ப. ஒரு நாளில் தோண்டியதை இன்னொரு நாள் வேரோடு கலப்பதில்லை. உலர்த்தும் இயந்திரம் சமையலறைக்கே திரும்பிவிட்டது. அதன் வெப்பத்தை 35 டிகிரிக்கு இறக்க முடியும் என்றாலும், சிறிய பெட்டிக்குள் விசிறிக்காற்று வேர்மேல் நேராக அடிப்பது மாறாது.

ஒரு விஷயத்தில் அவர்கள் இன்னும் தயங்குகிறார்கள்: அலசாமலே மண்ணோடு பாசியில் வைக்கலாமா என்று. மண்ணோடு வைத்தால் தோலில் கீறல் குறையும் என்பது உண்மை. ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் களிமண் காய்ந்தால் வேரில் இறுகி, பிறகு பிரஷ் இல்லாமல் போகாது. அந்த மண்ணுக்கு உடனே மெல்ல அலசுவதே பொருத்தம். இலைமக்கு நிறைந்த பொலபொலப்பான மண்ணில் தோண்டுபவர் உதறிவிட்டு அப்படியே வைக்கலாம்.

காய்ந்த வேரை வைக்கும் முறையும் மாறியது. தட்டிலிருந்து எடுத்ததும் கழுத்தெல்லாம் ஒரே பக்கமாகப் படுக்கவைத்து, காகிதப் பையில் 200 கிராமுக்கு மேல் போகாமல் கட்டினார்கள். பைகளை அட்டைப்பெட்டியிலும், பெட்டியை எலி கடிக்காத தகரப் பீப்பாயிலும் வைத்தார்கள். பீப்பாயின் மூடியில் ஆணியால் துளையிட்டு உள்ளே கம்பிவலை ஒட்டினார்கள். காற்றுப்புகாத எதிலும் அடைக்கவில்லை. மண்ணெண்ணெய், வெங்காயம், சோப்பு எதுவும் அந்த அறையில் இல்லை. காய்ந்த வேர் வாடையை இழுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பைகளைத் திறந்து முகர்ந்து, நூல் கட்டிய வேரை எடைபோட்டார்கள். டிசம்பரில் ஒரு மழை வாரத்துக்குப் பிறகு எடை மூன்று விழுக்காடு ஏறியிருந்தது. உடனே தட்டில் பரப்பி, 30 டிகிரியில் இரண்டு நாள் வைத்ததும் பழைய எடைக்கு வந்தது. அந்தத் தொகுதி பிப்ரவரியில், ஒரு கழுத்தும் முறியாமல், முழு விலைக்கு விற்றது.